பச்சை கூடிய நெல் வயல்: தழைச்சத்து மிகையை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

யூரியா கூடிப்போன வயல்தான் பெரும்பாலும் ஊரிலேயே அழகாக இருக்கும். பக்கத்து வயல்காரர் நின்று பார்த்துவிட்டு என்ன போட்டீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போவார். அறுத்துத் தூற்றும்போதுதான் மூட்டை குறைவது தெரியும். அதனால் கீழே வரும் அறிகுறிகள் எதையும் வரப்பில் நின்று பார்க்காதீர்கள். உள்ளே இறங்கி, பயிரை இரண்டு கையாலும் விலக்கி, தூரின் அடியைப் பாருங்கள்.

காவிரிப் படுகையின் நடவு நெல்லை மனதில் வைத்து எழுதியது இது. காய்கறிக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் கணக்கு

எந்த அறிகுறியானாலும் இதுவரை எவ்வளவு தழைச்சத்து (நைட்ரஜன்) போயிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஆரம்பியுங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

காவிரிப் படுகை நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை எக்டேருக்குத் தழைச்சத்து 150 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 50, சாம்பல் சத்து (பொட்டாசியம்) 50. ஏக்கருக்குப் பார்த்தால் தழைச்சத்து சுமார் 60 கிலோ. யூரியாவில் 46 சதம் தழைச்சத்து. அத்தனையையும் யூரியாவாகவே கொடுத்தாலும் ஏக்கருக்கு 130 கிலோ சொச்சம், அதாவது 45 கிலோ மூட்டையில் மூன்று. ஏக்கருக்கு மூன்று மா என்பதால் மாவுக்கு ஒரு மூட்டை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். அடியுரத்தில் தொடங்கிக் கடைசி மேலுரம் வரை எல்லாம் சேர்த்து அவ்வளவுதான்.

கணக்கு தப்புவது இதற்கு அப்புறம்தான். அடியுரமாக ஏக்கருக்கு 50 கிலோ மூட்டை ஒன்று டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) போட்டிருந்தால் அதில் 18 சதம் வீதம் 9 கிலோ தழைச்சத்து வந்துவிட்டது. நடுவில் 20-20-0-13 என்ற கலப்பு உரம் அதேபோல ஒரு மூட்டை போட்டிருந்தால் இன்னொரு 10 கிலோ. இவற்றோடு மாவுக்கு ஒரு மூட்டை யூரியாவும் போனால் ஏக்கருக்கு 80 கிலோவைத் தாண்டுகிறது. பரிந்துரையைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு மடக்கி உழுத வயலாக இருந்தால் அதன் தழைச்சத்தும் இதில் சேரும். நாமக்கல் பக்கத்திலிருந்து லாரியில் வரும் காய்ந்த கோழி எருவில் டன்னுக்கு 20 கிலோவுக்கு மேலேயே இருக்கும். இயற்கை எருதானே என்று அதைக் கணக்கில் விட்டுவிடுகிறோம். பயிருக்கு அந்தப் பாகுபாடு தெரியாது.

கடையில் இருப்பதிலேயே மலிவானது யூரியா. 45 கிலோ மூட்டை 270 ரூபாய்க்குள் முடிந்துவிடும், டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய். 2010இல் மற்ற உரங்களுக்கு மானிய முறை மாறியபோது யூரியா மட்டும் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றது. அதோடு, போட்ட நாலைந்து நாளில் பச்சை தெரிகிற உரம் இது. கை தானாக அதன் பக்கம் போவதில் ஆச்சரியம் இல்லை.

அறிகுறி: உரம் போட்ட இரண்டு மூன்று நாளில் இலை நுனி கருகுகிறது

கருகல் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். இலையின் நடுவில், மடிப்பில், குருணை தங்கிய இடங்களில் மட்டும் வெளிறிய புள்ளி என்றால், பனி காயுமுன் காலையில் உரம் இறைத்திருக்கிறார்கள். ஈர இலையில் ஒட்டிய யூரியா அங்கேயே கரைந்து சுட்டுவிட்டது. பெரிய சேதம் இல்லை, விட்டுவிடுங்கள். அடுத்த முறை இலை உலர்ந்த பிறகு இறைத்தால் போதும்.

கைத்தெளிப்பானில் யூரியா கரைத்து அடித்த பிறகு எல்லா இலை நுனியும் ஒரே சீராகக் கருகினால் கரைசல் கூடிவிட்டது. 2 சதம், அதாவது லிட்டருக்கு 20 கிராம் என்பதே மேல் எல்லை. 10 லிட்டர் டேங்குக்கு 200 கிராம். கைப்பிடிக் கணக்கில் போடுகிறவர்கள் ஒருமுறையாவது தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது.

நாற்றங்காலிலும் ஈரம் போதாத மேட்டுப் பகுதியிலும் நடப்பது வேறு. மண்ணிலுள்ள நொதி யூரியாவை உடைக்கும்போது குருணையைச் சுற்றிக் காரத்தன்மை ஏறி அம்மோனியா வாயு கிளம்புகிறது. இளவேர் அதைத் தாங்காது. கரைந்த உப்பு கூடினால் வேரால் தண்ணீரை இழுக்கவும் முடியாது. வயலில் ஈரம் இருந்தும் நாற்று வாடினாற்போல் நிற்பது இதனால்தான். நல்ல தண்ணீர் பாய்ச்சுங்கள். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. புதிதாக வரும் குருத்து சுத்தமாக இருக்கிறதா என்பதைப் பார்த்தே தேறியதா என்று முடிவு செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நுனியில் தொடங்கி ஓரம் வழியாக அலை அலையாகக் கீழே இறங்கும் மஞ்சள் என்றால் அது பாக்டீரியா இலைக் கருகலாக இருக்கலாம். இலையைக் குறுக்கே வெட்டி ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் வெட்டு வாய் முங்கும்படி நிறுத்தி வையுங்கள். வெட்டிலிருந்து பால் போல மெல்லிய புகைக்கோடு இறங்கினால் நோய்தான். உரச் சூட்டில் அது வராது.

அறிகுறி: கருகருவென்ற பச்சை, நீண்டு தொங்கும் இலை, அடியில் மஞ்சள்

இதுதான் மிகையின் சரியான அடையாளம். மற்ற எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

பயிரை விலக்கிப் பாருங்கள். மேலே இரண்டு மூன்று இலை கரும்பச்சையாக, அகலமாக, நடுவில் மடிந்து தொங்கும். அதற்குக் கீழே வெளிச்சமே இருக்காது. நண்பகலில்கூடத் தூரின் அடி ஈரமும் இருட்டுமாக இருக்கும். அடி இலைகள் மஞ்சளாகி, உறையோடு ஒட்டிக் கிடக்கும். இந்த அடி மஞ்சளைப் பார்த்து இன்னொரு மேலுரம் போடுகிறவர்கள் உண்டு. தழைச்சத்துப் பற்றாக்குறையிலும் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும் என்பதால் வருகிற குழப்பம் இது. வேறுபாடு எளிது: பற்றாக்குறை வயலில் மேல் இலையும் வெளிறியிருக்கும், பயிருக்குள்ளே வெளிச்சம் தாராளமாக விழும். மிகை வயலில் மேலே கரும்பச்சை, கீழே இருட்டுப் பழுப்பு.

உள்ளே நடப்பது இது. இலையில் இருக்கும் தழைச்சத்தில் முக்கால் பங்கு பசுங்கணிகங்களில் இருக்கிறது. பச்சையம் மட்டுமல்ல, கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் ருபிஸ்கோ என்ற நொதியும் தழைச்சத்தால் ஆனது. நெல் போன்ற பயிர்களில் இலையின் தழைச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு நொதிக்கே போகிறது. எனவே பசியோடு இருக்கும் பயிருக்குத் தழைச்சத்து கொடுத்தால் ஒளிச்சேர்க்கை நிஜமாகவே கூடும். அதில் பொய் இல்லை. ஆனால் ஓர் அளவுக்கு மேல் நொதி கூடிக்கொண்டே போனாலும், இலைத்துளை வழியே வரும் கரியமில வாயுவும் விழும் வெயிலும் கூடுவதில்லை. அடுப்பை மட்டும் நாலாக்கிவிட்டு விறகு ஒன்றுக்குத்தான் வைத்திருக்கிற நிலைமை. உபரி நொதி வேலையில்லாமல் இலையில் சேமிப்பாகக் கிடக்கும்.

தனி இலையை விடப் பெரிய சேதம் மொத்தப் பயிரில் நடக்கிறது. நிமிர்ந்த இலையில் வெயில் சரிந்து கீழே இறங்கும். தொங்கும் இலை குடை பிடித்துவிடும். மேல் இலைக்கு ஏற்கெனவே தாங்கும் அளவுக்கு மேல் வெயில், கீழ் இலைக்கு ஒன்றுமே இல்லை. கீழ் இலையிலிருந்துதான் வேருக்கு அதிகம் சர்க்கரை போகிறது. அது பட்டினி கிடந்தால் வேர் மெலியும். மெலிந்த வேரோடு பெரிய உடம்பு. அதற்கு மேல், உள்ளே வந்த அம்மோனியத்தை அப்படியே வைத்திருக்கப் பயிரால் முடியாது, நஞ்சாகிவிடும். அதை அமினோ அமிலமாக மாற்றச் சர்க்கரையை எடுத்துச் செலவழித்தாக வேண்டும். தண்டில் மாவுச்சத்தாகச் சேர வேண்டியது இப்படிப் புது இலையாகப் போய்விடுகிறது.

சம்பாவிலும் தாளடியிலும் இது குறுவையைவிட மோசமாக நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் வானம் மூடியிருக்கும்போது வெயில் பாதியாகிவிடுகிறது. அந்த நேரத்தில் போடும் மேலுரத்தைப் பயிர் உறிஞ்சத்தான் செய்யும், ஆனால் அதற்கு ஈடான சர்க்கரையைச் செய்ய முடியாது. அதே அளவு யூரியா வெயில் காலத்தில் சரியாகவும் அடைமழையில் மிகையாகவும் இருக்கும் என்பதை எந்த அட்டவணையும் நமக்கு முன்கூட்டிச் சொல்லாது. என் கருத்தில், மழை மூட்டத்தில் மேலுரத்தைத் தள்ளிப்போடத் தெரிந்தாலே மிகைப் பிரச்சினையில் பெரும் பகுதி வராது.

உறுதிப்படுத்த இலை வண்ண அட்டை இருக்கிறது, வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் கொண்டது. காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், சூரியனுக்கு முதுகு காட்டி, உங்கள் நிழல் அட்டையில் விழும்படி நின்று, முழுதாக விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிடுங்கள். இலையைக் கிள்ள வேண்டாம். பத்துச் செடி பாருங்கள், ஒரே ஆள் பாருங்கள், ஏனென்றால் ஆளுக்கு ஆள் கண் மாறும். பெரும்பாலான ரகங்களுக்கு எல்லை 4ஆம் எண், வெள்ளைப் பொன்னிக்கு 3. பத்தில் ஆறு இலையாவது எல்லைக்குக் கீழே இருந்தால்தான் உரம். நட்ட 14ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை இப்படிப் பார்க்கலாம். 4க்கும் மேலே கருத்திருந்தால் அட்டவணையில் அன்றைக்கு மேலுரம் என்று எழுதியிருந்தாலும் மூட்டையைப் பிரிக்காதீர்கள்.

சரி, ஏற்கெனவே போட்டாகிவிட்டது, என்ன செய்வது? திரும்ப எடுக்க வழியில்லை, ஆனால் உறிஞ்சும் வேகத்தைக் குறைக்கலாம். தூர் கட்டும் பருவம் முடிகிற நேரத்தில் தண்ணீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு விடும் வரை காயப்போடுங்கள். காற்று புகுந்தால் அம்மோனியத்தின் ஒரு பகுதி நைட்ரேட்டாக மாறும். மறுபடி தண்ணீர் கட்டும்போது அது வாயுவாகி வெளியேறிவிடும். வீண் தூர் கிளம்புவதும் நிற்கும், வேரும் கீழே இறங்கும். கதிர் உருவாகத் தொடங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். தாய்த்தண்டை அடியோடு பிடுங்கி பிளேடால் நீளவாக்கில் பிளந்தால், கணுவுக்கு மேலே வெள்ளைப் பஞ்சு நுனி போல ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டரில் இளங்கதிர் தெரியும். தெரிந்துவிட்டால் காயப்போடும் காலம் கடந்துவிட்டது. கடைமடையில், மறுபடி எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாத வயலிலும், கடலோர உவர் நிலத்திலும் இந்த வைத்தியம் வேண்டாம்.

சாம்பல் சத்தில் மிச்சம் வைத்திருந்தால் இப்போது பொட்டாஷாகப் போடலாம். தண்டும் இலையும் கொஞ்சம் உறுதிப்படும். அதைத் தழைச்சத்துக்கு முறிமருந்து என்று சிலர் விற்கிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது.

அறிகுறி: யூரியா போட்டும் பச்சை ஏறவில்லை

அப்படியென்றால் பசி வேறு. இளங்குருத்தே மஞ்சளாக இருந்தால் கந்தகம் அல்லது இரும்பு. நட்ட இரண்டு, மூன்று வாரத்தில் இலையில் துருப் போன்ற பழுப்புப் புள்ளியும் வளர்ச்சி நின்றுபோவதுமாக இருந்தால் துத்தநாகம். அடி இலை ஓரம் மட்டும் காய்ந்து வந்தால் சாம்பல் சத்து. தழைச்சத்தைக் கூட்டக் கூட்ட இந்தக் கடைசிப் பசி இன்னும் பளிச்சென்று தெரியும். எதுவானாலும் யூரியாவை நிறுத்திவிட்டு மண் பரிசோதனை அட்டையை எடுங்கள்.

அறிகுறி: தூர் ஏராளம், கதிர் குறைவு

பிந்திக் கிளம்பிய தூர்களுக்கு வெளிச்சம் எட்டாமல் கதிர் வராது. சாகும் வரை தின்றுகொண்டு மட்டும் இருக்கும். தூர் கட்டும் பருவத்து மேலுரம் தேவைக்கு மேல் போயிருக்கிறது அல்லது நெருக்கி நட்டிருக்கிறார்கள். மேலே சொன்ன காயப்போடுதல்தான் இதற்கும்.

அறிகுறி: புகையான், குலை நோய், இலையுறை கருகல் மாறி மாறி வருகிறது

மருந்து மாற்றி மாற்றி அடித்தும் நிற்காத வயலில் மருந்தைச் சந்தேகப்படுமுன் உரத்தைச் சந்தேகப்படுங்கள். தழைச்சத்து மிகுந்த இலையில் அமினோ அமிலம் ததும்புகிறது, புறத்தோலில் சிலிக்கா குறைகிறது. பூஞ்சைக்கு உள்ளே நுழையவும் சுலபம், நுழைந்த பின் சாப்பாடும் தயார். இரவில் குளிரும் விடிகாலைப் பனியும் சேர்ந்தால் குலை நோய்க்கு வேறென்ன வேண்டும்.

தூரில் சாறு உறிஞ்சும் பூச்சியான புகையானைத் தேடத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நாலு விரல் உயரத்தில் தூரைத் தட்டுங்கள். பழுப்பாகச் சிறுசிறு பூச்சிகள் தண்ணீரில் குதிக்கும். தூர் ஒன்றுக்கு ஒன்று வீதம் இருந்தால் நடவடிக்கை வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தியாவது தென்பட்டால் இரண்டு வரை பொறுக்கலாம். முதலில் தண்ணீரை வடியுங்கள், எட்டடிக்கு ஒரு நடைபாதை கிடைக்கும்படி பயிரை ஒதுக்கி விலக்கிவிட்டு வெளிச்சம் இறங்கச் செய்யுங்கள். மருந்தை அடியில் படும்படி அடியுங்கள், கருகலாக வட்டம் போட்டிருக்கும் இடத்தையும் அதன் சுற்றையும் மட்டும். செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகள் வேண்டாம். சிலந்தியைக் கொன்றுவிட்டுப் புகையானைப் பெருக்கிவிடும். அடுத்த மேலுரம் பாக்கி இருந்தால் நிறுத்திவையுங்கள்.

அறிகுறி: பயிர் சாய்கிறது

சாய்ந்த பயிரின் அடித்தண்டில் கணுவுக்கும் கணுவுக்கும் இடைப்பட்ட பகுதிகளை அளந்து பாருங்கள். நிழலிலும் தழைச்சத்திலும் அவை நீண்டு, சுவர் மெலிந்து, விரலால் அழுத்தினால் நசுங்கும். மேலே கதிர் கனக்கும், கீழே தாங்காது.

1966இல் வந்த ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல் ரகமே இந்தப் பிரச்சினையைத் தீர்க்க உருவானதுதான். அதற்கு முந்திய நெட்டை நெல்லுக்கு உரம் கூட்டினால் விளைவதற்குப் பதிலாகச் சாய்ந்தது. அதனால் தைவான் நாட்டுக் குட்டை நெல் ஒன்றை இந்தோனேசியாவின் பீட்டா என்ற நெட்டை ரகத்தோடு சேர்த்தார்கள். இன்று மாப்பிள்ளைச் சம்பா போன்ற நெட்டைப் பாரம்பரிய ரகம் போட்டுவிட்டுக் குட்டை ரகத்துக்கான யூரியாக் கணக்கைப் பின்பற்றினால் 1966க்கு முந்திய கதைதான் திரும்ப நடக்கும். வெள்ளைப் பொன்னியும் சாயும் சாதிதான். அதற்கு எல்லை எண் 3 என்று வைத்திருப்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சாய்ந்துவிட்டால் முதல் வேலை தண்ணீரை வடிப்பது. நாலைந்து குத்தைச் சேர்த்து இலையாலேயே முடிச்சுப் போட்டு நிமிர்த்தலாம். கூலி கட்டுப்படியாகுமா என்று பார்த்துச் செய்யுங்கள், நீர் தேங்கும் பள்ளப் பகுதிக்கு மட்டுமாவது செய்வது உண்டு. தை மாத மழை ஒன்று பிடித்தால் படுத்த கதிர் வயலிலேயே முளைத்துவிடும். பெல்ட் அறுவடை மிஷின்காரரும் சாய்ந்த வயலுக்கு மணிக்கணக்கைக் கூட்டித்தான் கேட்பார்.

அறிகுறி: கதிர் பெரிது, பதர் அதிகம்

தழைச்சத்து கதிரில் பூ எண்ணிக்கையைக் கூட்டிவிடும். அத்தனை பூவுக்கும் மாவு கொடுக்க இலைகளும் தண்டுச் சேமிப்பும் போதவில்லை என்றால் கதிரின் அடிப்பகுதி மணிகள் முதலில் பதராகும். கதிரைக் கையில் எடுத்து எங்கே பதர் என்று பாருங்கள். அடியில் மட்டும் என்றால் உணவுப் பற்றாக்குறை. கதிர் முழுக்கவும் வெளுத்து, இழுத்தால் கையோடு வந்தால் அது குருத்துப்பூச்சி வேலை.

தண்டுச் சேமிப்பைச் சோதிக்க ஜப்பானில் ஒரு வழி கையாண்டார்கள். மேலிருந்து மூன்றாவது இலையின் உறையைப் பிரித்து அயோடின் கரைசலில் நனைப்பது. மாவுச்சத்து உள்ள நீளம் கருநீலமாகும். உறையின் பெரும்பகுதி நீலம் ஏறினால் சர்க்கரை போதுமான அளவு இருக்கிறது, மேலுரம் தாங்கும். அடியில் கொஞ்சம் மட்டும் ஏறினால் பயிர் ஏற்கெனவே தழைச்சத்தில் முழுகியிருக்கிறது. மருந்துக்கடை டிங்சர் அயோடினை நீர்த்து முயன்று பார்க்கலாம். நன்றாக இருக்கும் வயலிலிருந்தும் ஓர் உறை எடுத்துப் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் புரியும்.

மணி இருக்கும் இடத்தில் மஞ்சளும் பச்சையுமாக உருண்டை தெரிந்தால் அது நெற்பழ நோய். லட்சுமி வந்திருக்கிறாள் என்று சொல்லி மகிழ்கிற வழக்கம் உண்டு. செழித்த வயலில்தான் அது வரும் என்பதால் வந்த நம்பிக்கை. இந்தப் போகத்துக்கு ஒன்றும் செய்வதற்கில்லை, அந்த வயல் நெல்லை விதைக்கு எடுக்காதீர்கள்.

மிகை வயலில் மணி முற்றிய பிறகும் கொடி இலை, அதாவது கதிரை ஒட்டிய கடைசி இலை, பச்சையாகவே நிற்கும். இலை பழுக்கட்டும் என்று காத்திருந்தால் மணி உதிரும். கதிரில் ஐந்தில் நாலு பங்கு மணி வைக்கோல் நிறத்துக்கு வந்தால் அறுத்துவிடலாம்.

காய்கறி, கரும்பு, வெங்காயம்

தக்காளி, மிளகாய், கத்தரியில் இடுப்பளவு செடியும் விரல் விட்டு எண்ணும் பூவும் என்றால் அதே காரணம்தான். தழைச்சத்தை நிறுத்தி, பாசனத்தை இடைவெளி விட்டுக் கொடுங்கள். உமியோ மரத்தூளோ மண்ணில் லேசாகக் கலந்தால் அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் உபரியில் கொஞ்சத்தைப் பிடித்துவைக்கும். தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகினால் சுண்ணாம்புச் சத்து போதவில்லை. அம்மோனிய உரம் கூடும்போது அதை வேர் எடுப்பது குறைகிறது, அவசர வளர்ச்சியில் அதன் தேவையும் ஏறுகிறது. சின்ன வெங்காயம் கழுத்துத் தடித்துச் சேமிப்புப் பட்டறையில் அழுகுவதும், கரும்பில் எடை ஏறிச் சர்க்கரை இறங்குவதும் பிந்திப் போட்ட தழைச்சத்தால் வருபவை.

கிணற்று நீரையும் ஒருமுறை பரிசோதியுங்கள். குடிநீருக்கான எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட். அந்த அளவு உள்ள தண்ணீரை ஒரு காய்கறிப் பயிருக்கு மொத்தம் 40 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பாய்ச்சினால் ஏக்கருக்கு 16 கிலோ தழைச்சத்து, அதாவது 35 கிலோ யூரியா, பைசாச் செலவில்லாமல் போய்ச் சேர்கிறது. தண்ணீரில் நைட்ரேட் இரட்டிப்பாக இருந்தால் இதுவும் இரட்டிப்பு. மூட்டைக் கணக்கு எழுதிய தாளில் அதையும் ஒரு வரி சேர்த்து, அடுத்த போகத்து யூரியாவில் கழித்துக்கொள்ளுங்கள்.